காட்சியும் கண்ணோட்டமும்

திருவண்ணாமலையில் வாழ்வோர் மாதத்திற்கு ஒருமுறை தம் ஊரிலேயே அயலாராகிவிடுகின்றனர். பௌர்ணமி இரவில் மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர்ப் பாதை முழுவதும் மக்கள் வெள்ளம் பெருகும். பேருந்துகள் ஊருக்கு வெளியே நிறுத்தப்படும். கடைவீதிக்குச் செல்ல வேண்டிய தாய்மார் முந்திய நாளே சென்று வந்துவிடுவர். வருவோரில் பெரும்பாலோர் பக்தியோடு வருகின்றனர். மலையையே இறைவடிவாக வணங்கும் அவர்களது நெடுநடையை நாம் மதிப்போடு நோக்குகிறோம். ஆயினும், வழியோரத்தில் அமர்ந்திருக்கும் துறவியையும் இரவலரையும் மலைக்காட்சியின் ஒரு பகுதியாகவே எண்ணிப் படமெடுத்துச் செல்வோரும் அவர்களிடையே உண்டு. அவ்வாறு படமெடுக்கப்படும் மனிதர் தம் முகத்தைத் துணியால் மறைத்துக்கொள்வதை நாம் பலமுறை கண்டு வருந்தியிருக்கிறோம். "இவர்களுக்குக் கண் இருக்கிறது, பார்வை இல்லையே" என்று நமக்குள் சொல்லிக்கொண்டதும் உண்டு. பிறரைக் குறித்துச் சொன்ன சொல் ஒருநாள் நம்மையே தேடி வரும் என்பதை அப்போது நாம் அறியவில்லை.

கடந்த ஆண்டு ஒரு பௌர்ணமி நாளில், அந்த நெரிசலிலிருந்து சற்றே ஒதுங்கும் எண்ணத்தோடு, நம் பங்கின் பாடகர் குழுவினரை அழைத்துக்கொண்டு தென்கடற்கரைக்குச் சென்றோம். முதல்நாள் மாலை வேனில் புறப்பட்டு விடியற்காலையில் தூத்துக்குடியை அடைவது, பகல் முழுவதும் கரையோரமாகத் தெற்கு நோக்கிச் சென்று பிற்பகலில் மணப்பாட்டைக் காண்பது, அன்றிரவே ஊர் திரும்புவது என்பதே திட்டம். மலையடிவாரத்து மக்களுக்குக் கடல் ஓர் அதிசயம். நம் குழுவில் அதுவரை கடலையே கண்டிராதோர் நால்வர் இருந்தனர். மேலும், அது போர்த்துக்கீசியர் கால்பதித்த கரை. தமிழகத் திருச்சபை வரலாற்றின் முதல் ஏடுகள் பல எழுதப்பட்ட கரை. ஒரே நாளில் இயற்கையையும் வரலாற்றையும் கண்டு வரலாம் என்று மகிழ்ந்தோம்.

கண்டோம் என்றே சொல்ல வேண்டும். 1713ஆம் ஆண்டில் எழுந்து, 1982இல் பேராலயமாக உயர்த்தப்பட்ட பனிமய மாதா ஆலயத்தில் காலைத் திருப்பலியில் பங்குகொண்டோம். நகரைக் கடந்ததும் உப்பளங்கள். வெள்ளைக் குவியல்களின்மேல் இளவெயில் பட்டுக் கண் கூசியது. சற்றுத் தொலைவில் தாமிரபரணி பாயும் வயல்களும் வாழைத் தோட்டங்களும் பச்சைப் பசேலென விரிந்தன. மார்க்கோ போலோவின் காலத்தில் மரக்கலங்கள் வந்து நின்ற பழையகாயல், ஆற்று வண்டல் படிந்து கடல் விலகிப்போனதால் இன்று உள்நாட்டுச் சிற்றூராக அமைதியுற்றுக் கிடக்கிறது. ஆறு கடலோடு கலக்குமிடத்தில் புன்னைக்காயல். அப்பால் பள்ளிவாசல்கள் நிறைந்த காயல்பட்டினம், அலைவாயிலேயே கோயில் கொண்ட முருகனின் திருச்செந்தூர், செம்மணல் தேரிகள், பனங்காடுகள். ஒரு நாட்பயணத்திற்குள் இத்தனை வேறுபட்ட அழகு அமைந்திருப்பதைக் கண்டு பாடகர் குழுவினர் வேனுக்குள்ளேயே பாடத் தொடங்கிவிட்டனர்.

புன்னைக்காயலில் இறங்கி அன்றிக் அடிகளாரைப் பற்றிச் சிறிது பேசினோம். போர்த்துக்கல் நாட்டில் பிறந்த அந்த இயேசு சபைத் துறவி, இக்கரையில் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து, தமிழுக்கு ஓர் இலக்கண நூலும் எழுதி, 1600இல் இவ்வூரிலேயே கண்மூடினார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் தமிழில் தந்த சிறு நூல். இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சேறி நம் மண்ணில் வெளிவந்தவற்றுள் நமக்குக் கிடைத்துள்ள முதல் நூல் அதுவே. இவற்றையெல்லாம் கேட்ட இளைஞர் ஒருவர், "சாமி, அவர் ஐம்பது ஆண்டு இருந்த ஊரில் நாம் இருபது நிமிடம் இருந்தோம்" என்று சிரித்தார். நாமும் சிரித்துவிட்டு வண்டியில் ஏறினோம்.

மணப்பாட்டை அடைந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கடலுக்குள் நீண்டு நிற்கும் மேட்டின்மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். புயலில் சிக்கித் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமி ஒருவர், முறிந்த பாய்மரத்திலிருந்து சிலுவை செய்து இம்மேட்டில் நாட்டினார் என்று மரபு கூறுகிறது. மேட்டின் கடற்புறத்தில் புனித சவேரியார் தங்கிச் செபித்த குகை. மேலே நின்று நோக்கினால் நீலக் கடலும், வளைந்து செல்லும் வெண்மணலும், ஆலயக் கோபுரங்களும், உப்பங்கழியில் அசையும் வள்ளங்களும் ஓவியம்போல் தெரிந்தன.

கீழே மணலில் மூதாட்டி ஒருவர் நெத்திலி மீனைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார். நம் இளைஞர் ஒருவர் அவரைப் படமெடுக்க விரும்பி, ஓலைப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும்படி கேட்டார். மூதாட்டி மறுக்கவில்லை. முகத்தைச் சற்றுத் திருப்பச் சொன்னார், திருப்பினார். நாமும் அருகில் நின்று, "கோபுரமும் சேர்ந்து விழும்படி எடு" என்று யோசனை கூறினோம். படமெடுத்து முடிந்ததும் அம்மூதாட்டி நம் வெள்ளை அங்கியைப் பார்த்து, "சாமி, எம் மவன் பஹ்ரைனுக்குப் போட்டு வேலைக்குப் போயிருக்கான். நாலு மாசமா ஒரு போனும் இல்ல. அவனுக்காக ஒரு செபம் சொல்லிட்டுப் போங்க" என்றார். அந்நேரம் வண்டியின் ஒலிப்பான் அழைத்தது. இரவுக்குள் மதுரையைக் கடக்க வேண்டுமென்று ஓட்டுநர் காலையிலிருந்தே சொல்லிவந்தார். நாம் அவசரமாக அம்மூதாட்டியின் தலைமேல் கைவைத்து ஆசி கூறி, "ஆண்டவர் பார்த்துக்கொள்வார் அம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தோம்.

திருச்செந்தூரைத் தாண்டிய பிறகே உறைத்தது. மகனுக்காகச் செபிக்கக் கேட்டார். மகனின் பெயரை நாம் கேட்கவில்லை. அவருடைய பெயரையும் கேட்கவில்லை. அவருடைய முகம் மட்டும் கோபுரத்தோடு சேர்த்து, மிக அழகாக, நம் இளைஞரின் கைப்பேசியில் இருந்தது.

இது சிறு செய்திதானே என்று வாசகர் எண்ணலாம். நாமும் அவ்வாறே எண்ண முயன்றோம். ஆனால் அவ்விரவு முழுவதும் ஒரு கேள்வி நம்மை உறங்கவிடவில்லை. அழகைக் காணச் செல்பவன், அந்த அழகுக்குள் வாழும் மனிதருக்கு ஏதேனும் கடன்பட்டிருக்கிறானா? அல்லது, காண்பது எவரையும் தொடாத, எவருக்கும் கணக்குக் கொடுக்க வேண்டாத ஒரு செயல்தானா?

அழகை விரும்புவது குற்றமன்று என்பதை முதலில் சொல்லிவிடுவோம். தாம் படைத்தவற்றை நோக்கி அவை நல்லவை எனக் கண்டவர் இறைவனே. வயல்வெளி மலர்களைக் கவனித்துப் பாருங்கள் என்று சீடருக்குக் கற்பித்தவர் நம் ஆண்டவர். மலைகளின் உயரத்தையும் கடலின் அலைகளையும் வியக்கச் செல்லும் மாந்தர் தம்மைத்தாமே காணாது விட்டுவிடுகின்றனரே என்று புனித அகுஸ்தீனார் கவலையுற்றது உண்மை. ஆயினும் அவர் குறைகூறியது மலையையோ கடலையோ அன்று. வெளியே கண்டதோடு நின்றுவிடும் கண்ணையே.

நம் தமிழ் முன்னோர் இவ்வகையில் நமக்கு ஒரு நல்வழி காட்டியுள்ளனர். தொல்காப்பியம் வகுத்த ஐந்திணையில், நிலமும் பொழுதும் முதற்பொருள்; அங்கு வாழும் மக்களும் விலங்கும் பறவையும் தொழிலும் கருப்பொருள்; அந்நிலத்துக்கென உரிய மனவுணர்வு உரிப்பொருள். இம்மூன்றுள் உரிப்பொருள் இல்லையேல் நிலம் திணையாவதில்லை. கடலும் கடல்சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு அவர்கள் வகுத்த உரிப்பொருள் என்ன? இரங்கல். சென்றவர் திரும்பி வரும்வரை கரையில் இருப்பவர் படும் ஏக்கம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த புலவனுக்கு, கடற்கரையைக் கண்டதும் காத்திருக்கும் ஒருவரின் நெஞ்சமும் சேர்ந்தே தெரிந்தது. நாமோ வெண்மணலையும் நீலத்தையும் கண்டோம். காத்திருந்தவரை அவற்றின் நடுவே அழகுக்காக நிறுத்தினோம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்ததையும், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் மீனவரை வாரிச் சென்றதையும் அறிந்திருந்தும் நமக்கு அது தோன்றவில்லை.

அக்கரையின் வரலாறே, ஒரே கடலை மாந்தர் எத்தனை வகையாகக் காணலாம் என்பதற்குச் சான்றாக நிற்கிறது. போர்த்துக்கீசியர் அக்கடலில் முத்தைக் கண்டனர். முத்துக்குளிப்பின் உரிமை பற்றிய மோதலில் நசுக்குண்ட பரதவர் 1530களில் அவர்களிடம் பாதுகாப்புத் தேடி, பெருந்திரளாகத் திருமுழுக்கும் பெற்றனர். பாதுகாப்பு வந்தது, அதனோடு வரியும் வந்தது, சில தளபதிகளின் பேராசையும் வந்தது. முத்தைக் கண்டவர் கண்ணில், மூச்சடக்கி ஆழத்தில் இறங்கிய மனிதர் அம்முத்தை எடுத்துத் தரும் கையாக மட்டுமே பட்டார்.

1541 ஏப்ரல் 7 அன்று லிஸ்பனில் கப்பலேறிய சவேரியார், 1542 மே மாதம் கோவாவை அடைந்து, அவ்வாண்டின் அக்டோபரில் இக்கரைக்கு வந்தார். தமிழ் அவருக்கு எளிதில் வாய்க்கவில்லை. பிறர் உதவியோடு மொழிபெயர்த்த செபங்களை மனப்பாடம் செய்து, சிறுமணியை ஒலித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார். இக்கரையிலிருந்து அவர் எழுதிய மடல்களில் கடலின் அழகைப் பற்றிய வருணனையைத் தேடினால் கிடைப்பது அரிது. 1544ஆம் ஆண்டு ஜூன் மாத நடுவில், நாம் நின்று படமெடுத்த அதே மணப்பாட்டிலிருந்து அவர் எழுதிய மடலொன்று உண்டு. வடுகப் படையினருக்கு அஞ்சிய குமரிமுனைக் கிறிஸ்தவர்கள் கடலிலுள்ள பாறைகளில் ஒதுங்கி, பசியாலும் தாகத்தாலும் மடிகின்றனர் என்ற செய்தி அவருக்கு எட்டியிருந்தது. உடனே இருபது தோணிகளோடு அவர்களுக்கு உதவப் புறப்பட்டார். எதிர்க்காற்று எட்டு நாள் அலைக்கழித்தது. குமரியை அடைய இயலாது திரும்பினார். பிறகு நிலவழியே நடந்து அம்மக்களிடம் சென்றார். சில தளபதிகள் அம்மக்களுக்கு இழைத்த தீங்கைக் கண்டித்து எழுதவும் அவர் தயங்கவில்லை.

அதே மேடு, அதே கடல். வணிகன் முத்தைக் கண்டான். நாம் காட்சியைக் கண்டோம். சவேரியார் தொலைவில் பாறைமேல் தவிக்கும் மாந்தரைக் கண்டார். அவர் கண்ணுக்கு அவர்கள் தெரியும் தூரத்தில் இல்லை என்பதே சிந்திக்கத்தக்கது. நமக்கோ அம்மூதாட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்.

இங்கே நமக்குச் சார்பாக ஒரு நியாயம் சொல்லலாம். சவேரியாரும் அன்றிக் அடிகளாரும் அம்மக்களோடு தங்கிப் பணிபுரிய வந்தவர்கள். ஒருநாள் பயணி என்ன செய்துவிட முடியும்? வழியில் காணும் ஒவ்வொருவரின் துயரையும் விசாரித்துக்கொண்டிருந்தால் பயணம் எப்போது முடியும்? இது வெற்று நியாயமன்று. மனிதனுக்கு நேரத்திலும் வலிமையிலும் எல்லை உண்டு. அந்த எல்லையை இறைவனே அறிவார்.

இந்நியாயத்தை எடைபோட நல்ல சமாரியரின் உவமையே நமக்குத் தராசாக அமைந்தது. குருமடத்தில் அவ்வுவமையைக் கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்தபோது கற்றது, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவ்விரவில்தான் நமக்குப் புரிந்தது. அடிபட்டுக் கிடந்தவரைக் குரு கண்டார், லேவியர் கண்டார், சமாரியர் கண்டார். மூவருக்கும் லூக்கா ஒரே வினைச்சொல்லையே பயன்படுத்துகிறார். முதல் இருவரும் பார்வையற்றவர் அல்லர், அவர்களும் கண்டார்கள். வேறுபாடு அடுத்த சொல்லில் இருக்கிறது. அவர்கள் விலகிப் போனார்கள். இவரோ பரிவு கொண்டார். பரிவைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் குடலோடு தொடர்புடையது. பெற்ற வயிறு துடித்தது என்று நாம் சொல்வதற்கு மிக நெருக்கமானது.

இன்னொன்றையும் அவ்விரவில் கண்டுகொண்டோம். சமாரியரும் பயணிதான். அவரும் அவ்விடத்தில் தங்கிவிடவில்லை. ஓர் இரவு சத்திரத்தில் இருந்தார்; மறுநாளே தம் வழியில் சென்றார். செல்லுமுன் இரண்டு தெனாரியங்களைக் கொடுத்து, மிகுதியாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னார். காலத்தின் குறுக்கத்தை நம் ஆண்டவர் குறையாகக் கொள்ளவில்லை. எத்தனை நாள் தங்கினாய் என்று அவ்வுவமை கேட்கவில்லை; அந்த ஒரு நாளில் எவருக்கு அயலானாய் இருந்தாய் என்றே கேட்கிறது. பெயரைக் கேட்க ஒரு நிமிடம் போதும். நம்மிடம் அந்த நிமிடம் இருந்தது. கோபுரமும் விழும்படி எடுக்கச் சொன்ன நேரம் அதைவிட நீண்டது.

தமிழில் இதற்கென்றே ஒரு சொல் இருந்தது. வள்ளுவப் பெருந்தகை அதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார்: கண்ணோட்டம். கண்ணிலிருந்து நெஞ்சின் ஈரம் பிறர்பால் ஓடுவதே அவருக்குக் கண்ணோட்டம். அது இல்லாத கண்ணை அவர் கண்ணாகவே மதிக்கவில்லை. இன்று அச்சொல்லை நாம் 'பார்க்கும் கோணம்' என்ற பொருளில் வழங்குகிறோம். 'என் கண்ணோட்டத்தில்' என்று பேச்சைத் தொடங்குகிறோம். பிறர்பால் ஓடிய சொல், நம்மிடமே திரும்பி நின்றுவிட்டது. நாம் அம்மூதாட்டியருகே நின்று தேடியதும் ஒரு கோணத்தைத்தானே!

இது நம் கரைக்கு மட்டும் உரிய செய்தியன்று. சவேரியார் கப்பலேறிய போர்த்துக்கல் நாட்டிலும், லிஸ்பனிலிருந்து ஒருநாட் பயணமாகக் கடலோர ஊர்களைக் காணச் செல்வோர் பலர். நாசரேத்தின் பெயரையே தாங்கிய நசரே என்னும் மீனவ ஊர் அங்கே உண்டு. அவ்வூர்ப் பெண்கள் மணலில் மீனைக் காயவைக்கும் காட்சி பயணிகள் விரும்பிப் படமெடுக்கும் ஒன்று. தொழிலே காட்சிப் பொருளாகும்போது, அதைச் செய்பவருக்கு நாலு காசு சேருமானால் அதை இகழ வேண்டியதில்லை. ஆனால் மணப்பாட்டு மூதாட்டியிடம் நாம் கருவாடுகூட வாங்கவில்லை. நாற்பது ரூபாய்க்கு வாங்கியிருந்தால் பேச்சும் வளர்ந்திருக்கும். பேச்சிலே பெயரும் வந்திருக்கும்.

மறுநாள் விடியற்காலை திருவண்ணாமலையை நெருங்கியபோது, பௌர்ணமிக் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. வண்டி மேலே செல்ல இயலாமல், மலைசுற்றும் பாதையோரம் நின்றது. பாதை முழுவதும் காகிதத் தட்டுகளும் தண்ணீர்ப் புட்டிகளும் எறியப்பட்ட செருப்புகளும். அவற்றைத் துப்புரவுப் பணியாளர்கள் வாரிக்கொண்டிருந்தனர். மலையுச்சியில் முதல் ஒளி பட்டு, அதுவும் மிக அழகிய காட்சியாகவே இருந்தது. துடைப்பத்தோடு நின்ற ஒருவர் நம்மைக் கண்டு, "தோத்திரம் சாமி" என்றார். உற்று நோக்கினோம். ஞாயிறுதோறும் இரண்டாம் திருப்பலிக்கு வரும் தாய். பல ஆண்டுகளாக அவருக்கு நம் கையால் நற்கருணை வழங்கியிருக்கிறோம். பௌர்ணமிக்குப் பிந்திய காலைகளில் அவர் எங்கே இருப்பார் என்பதை நாம் அறிந்ததில்லை, கேட்டதும் இல்லை.

வண்டியிலிருந்து இறங்கி அவரோடு சிறிது நேரம் நின்றோம். இரவு எத்தனை மணிக்கு வந்தார், பிள்ளைகளை யாரிடம் விட்டு வந்தார் என்று கேட்டோம். இளைஞர்களும் இறங்கினர், எவரும் கைப்பேசியை எடுக்கவில்லை. அவர் பெயரைக் கேட்க நமக்கு வெட்கமாக இருந்தது, ஆயினும் கேட்டோம். சற்று வியந்து, பிறகு புன்னகைத்துச் சொன்னார்.

அவ்வாரமே மணப்பாட்டுப் பங்குத்தந்தையோடு தொலைபேசியில் பேசி, மேட்டின் கீழே நெத்திலி காயவைத்த மூதாட்டியைப் பற்றி விசாரித்தோம். "பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தாய்மார் இங்கே பலர் உண்டு சாமி, நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள்?" என்று அவர் கனிவோடு கேட்டார். அடையாளம் சொல்ல நம்மிடம் ஒரு படம் இருந்தது, பெயர் இல்லை. படத்தை அவருக்கு அனுப்பிவைத்தோம். விடை இதுவரை வரவில்லை. அதுவரை, ஞாயிறு திருப்பலியின் மன்றாட்டில், கடல்கடந்து சென்ற ஒரு மகனைப் பெயரின்றியே இறைவனிடம் ஒப்படைத்து வருகிறோம். அவர் பெயர் இறைவனுக்குத் தெரியும் என்பது நமக்கு ஆறுதல். நமக்குத் தெரியாது என்பது நாம் சுமக்க வேண்டிய கடன்.

அன்பு வாசகரே, பயணம் செல்லுங்கள். கடலையும் மலையையும் கண்குளிரக் காணுங்கள். அவை இறைவன் நமக்கு விரித்துவைத்த விருந்து. ஆனால் விருந்துக்குச் செல்பவன் அவ்வீட்டாரிடம் ஒரு சொல் பேசாது திரும்புவதில்லை.